வேலையிலிருக்கும் செவிலியரின் பட்டம்: ‘கரஸ்’ என்ற பழிக்கு ஒரு மறுப்பு

பொதுச் செவிலியமும் பேறுகாலப் பணியும் கற்பிக்கும் ஜி.என்.எம். பட்டயம் முடித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் செவிலியர், அந்த வேலையை விடாமல் பி.எஸ்சி. நர்சிங் பட்டம் பெற இந்தியாவில் முறையான தொலைநிலை வழி ஒன்றுதான் இருந்துவந்திருக்கிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ, இந்திய நர்சிங் கவுன்சிலின் ஒப்புதலோடு 1994இல் தொடங்கிய போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படிப்பு அது. கன்னியாகுமரி மாவட்டம் இக்னோவின் திருவனந்தபுரம் மண்டல மையத்தைச் சேர்ந்தது. ஆகவே இரணியல், நெய்யூர், தக்கலை வட்டாரத்துச் செவிலியர் இந்தப் படிப்பு சம்பந்தமான காரியங்களுக்குச் சென்னையையோ மதுரையையோ பார்ப்பதில்லை. இரணியல் நிலையத்தில் ரயிலேறினால் போய்ச்சேரும் திருவனந்தபுரத்தைத்தான் பார்க்கிறார்கள். படித்தவர்கள் இதை ‘இக்னோ போஸ்ட் பேசிக்’ என்பார்கள். மட்டமாக நினைப்பவர்கள் ‘கரஸ்ல வாங்கின பி.எஸ்சி.’, அதாவது தபால்வழியில் வாங்கியது, என்பார்கள்.

இந்த இரண்டாவது பேச்சுதான் இன்று ஓங்கி நிற்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் மருத்துவமனை நிர்வாகத்திடம் அது இருக்கிறது. நான்கு ஆண்டு நேரடிப் படிப்பு முடித்த இளம் செவிலியரிடம் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் பலரிடம் இருக்கிறது. சம்பந்தம் பேச வருகிற வீட்டாரிடமும் இருக்கிறது. அவர்கள் வாதத்தைக் குறைக்காமல் சொன்னால் இப்படி வரும். செவிலியம் கையால் செய்யும் தொழில். நோயாளியின் படுக்கையருகே நின்று, மூத்தவர் கண்முன் செய்து, தவறினால் திருத்தப்பட்டுத்தான் அதைக் கற்க முடியும். வீட்டில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்துத் தேர்வெழுதினால் தேர்ச்சி வரும், தொழில் வராது. அப்படிப்பட்டவருக்கும் கல்லூரியில் நான்கு ஆண்டு உழைத்தவருக்கும் ஒரே பட்டத்தைக் கொடுப்பது தொழிலையே மலிவாக்கும், நோயாளிக்கும் ஆபத்து. உண்மையாகவே படிக்க விரும்புகிறவர் இரண்டாண்டு விடுப்புப் போட்டு நேரடி போஸ்ட் பேசிக் படிக்கட்டும்.

இந்த வாதத்தின் முதல் பாதி முழு உண்மை. செவிலியம் படுக்கையருகே கற்கப்படும் தொழில்தான். ஆனால் அந்த உண்மை இந்தப் படிப்புக்குப் பொருந்தவே பொருந்தாது. காரணம், இதில் சேருகிறவர் யார் என்பதை அந்த வாதம் ஒரு முறைகூடக் கேட்பதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு இந்தப் படிப்பில் இடமில்லை. சேர்க்கை விதிப்படி ஜி.என்.எம். முடித்திருக்க வேண்டும், பதிவுபெற்ற செவிலியராகவும் பதிவுபெற்ற பேறுகாலப் பணியாளராகவும் இருக்க வேண்டும், வேலையிலும் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஜி.என்.எம். படித்தவர் என்றால் குறைந்தது 2 ஆண்டுப் பணி அனுபவம். பத்தாம் வகுப்போடு அந்தக் காலத்தில் ஜி.என்.எம். சேர்ந்தவர் என்றால் 5 ஆண்டு. பட்டயத்தில் பேறுகாலப் பயிற்சி இல்லாத ஆண் செவிலியர், அதற்கு ஈடாக 6 முதல் 9 மாதம் வரை வேறு பயிற்சி பெற்ற சான்றிதழ் தர வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு நுழைவுத் தேர்வு.

அப்படியானால் இந்தப் படிப்பில் சேரும்போதே அந்தச் செவிலியர் எத்தனை ஊசி போட்டிருப்பார், எத்தனை புண்ணுக்குக் கட்டுப் போட்டிருப்பார், எத்தனை பேருக்கு டிரிப் ஏற்றியிருப்பார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று அல்லது மூன்றரை ஆண்டு வார்டிலேயே நின்று கற்று, கவுன்சிலின் தேர்வில் தேறி, 1926ஆம் ஆண்டின் சென்னை செவிலியர், பேறுகாலப் பணியாளர் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவர் அவர். அந்த உரிமத்தை நம்பித்தான் தக்கலை அரசு மருத்துவமனையிலும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நெய்யூர் மிஷன் மருத்துவமனையிலும் இரவு முழுவதும் ஒரு வார்டு அவர் கையில் விடப்படுகிறது. இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் நாடித்துடிப்பு இறங்கும்போது ‘இவருக்குக் கைத்தொழில் தெரியுமா’ என்று யாரும் கேட்பதில்லை. அதே ஆள் பட்டச் சான்றிதழோடு வரும்போது மட்டும் அந்தக் கேள்வி எழுகிறது. வார்டில் போதுமானதாக இருந்த கை, சான்றிதழில் போதாததாக ஆகிவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

மேலும், இந்தப் படிப்பு தபாலில் வரும் புத்தகத்தோடு முடிவதில்லை. கவுன்சில் அங்கீகரித்த நர்சிங் கல்லூரிகளே இதன் படிப்பு மையங்கள். அங்கே நேரடி வகுப்புகள் உண்டு. செய்முறை வகுப்புக்கு வருகை கட்டாயம். செய்முறை இரண்டு கூறாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று, மையத்தோடு இணைந்த மருத்துவமனையில் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வது. மற்றொன்று, தாம் வேலை பார்க்கும் இடத்திலேயே செய்து லாக் புக்கில் பதிவது. எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்விலும் தனியே தேற வேண்டும். நேரடி போஸ்ட் பேசிக் 2 ஆண்டு. இதற்குக் குறைந்தது 3 ஆண்டு. குறுக்கு வழி என்று பெயர் வாங்கிய பாதை நேர்வழியைவிட ஓராண்டு நீளம்.

வேலை செய்துகொண்டே மருத்துவம் கற்பது இந்த வட்டாரத்துக்குப் புதிய பழக்கமும் அல்ல. இரணியலுக்கு அடுத்துள்ள நெய்யூரில் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1860களில் அங்கே வந்த ஜான் லோ, உள்ளூர் இளைஞர்களைத் தம் அருகே வைத்துக்கொண்டு மருத்துவம் கற்பித்தார். அவர்களைக் கிளை மருந்தகங்களில் அமர்த்தினார். எவரெஸ்ட் ஏறச் சென்ற 1922, 1924ஆம் ஆண்டுக் குழுக்களில் இருந்த ஹோவார்ட் சோமர்வெல் அதே நெய்யூரில் அறுவை மருத்துவராகப் பல ஆண்டுகள் உழைத்தார். அந்தக் கிளை மருந்தகங்கள் எழுந்தது, வேலையும் படிப்பும் ஒரே கூரையின்கீழ் நடந்ததால். கல்வி வேண்டுமானால் வேலையை விட்டு வா என்று அந்தக் காலத்தில் சொல்லியிருந்தால், தென் திருவிதாங்கூரின் கிராமங்களுக்கு மேல்நாட்டு மருத்துவம் இன்னும் பல காலம் கழித்தே வந்திருக்கும்.

அடுத்த கேள்வி நியாயமானது: கைத்தொழில் ஏற்கெனவே தெரியும் என்றால் பட்டம் எதற்கு? இங்கேதான் எதிர்வாதத்தின் பெரிய பிழை வெளிப்படுகிறது. போஸ்ட் பேசிக் படிப்பு ஊசி போடக் கற்றுக்கொடுக்க வந்ததல்ல. பட்டயப் படிப்பு மேலோட்டமாகத் தொட்டுச் சென்ற பகுதிகளை ஆழப்படுத்த வந்தது. நோயாளியின் நிலையை முறையாக மதிப்பிட்டுப் பராமரிப்பைத் திட்டமிடுவது, மனநலச் செவிலியம், சமுதாய நலச் செவிலியம், வார்டு நிர்வாகம், கற்பிக்கும் முறை, ஆய்வும் புள்ளியியலும் என்று அது விரிகிறது. இவற்றில் பெரும்பகுதி வாசித்தும் சிந்தித்தும் எழுதியும் கற்க வேண்டியவை. ஒரு வார்டில் படுக்கைப்புண் ஏன் கூடுகிறது என்று பதிவேடுகளை வைத்து ஆராய்வதற்கு வகுப்பறை நாற்காலி தேவையில்லை. தேவைப்படுவது பதிவேடும் கேள்வி கேட்கும் பழக்கமும், எழுதியதைத் திருத்தித்தரும் ஆசிரியரும். அந்தப் பதிவேடு இருப்பது செவிலியர் வேலை பார்க்கும் இடத்தில்தான். கல்லூரியில் முழுநேரம் படிக்கும் மாணவிக்கு வார்டு, பயிற்சிக்காகச் சில வாரம் வந்துபோகும் இடம். வேலையிலிருக்கும் செவிலியருக்கு அது அன்றாடம். தொற்றுத் தடுப்பு பற்றி இன்று வாசித்ததை நாளைக்குக் காலை டூட்டியிலேயே சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு உண்டு. கல்லூரி மாணவிக்கு அது இல்லை. சில பாடங்களுக்குத் தொலைநிலை முறை குறைபாடுள்ள மாற்று அல்ல, கூடுதல் பொருத்தமான முறை என்றே சொல்ல வேண்டும்.

பட்டம் இல்லாமல் அடைபட்டுக் கிடக்கும் கதவுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். எம்.எஸ்சி. நர்சிங் சேர பி.எஸ்சி. அல்லது போஸ்ட் பேசிக் பட்டம் வேண்டும். தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் பட்டதாரிகளுக்கே உரியது. கல்லூரியில் ஆசிரியராவதும் அப்படித்தான். இருபது ஆண்டு பேறுகால வார்டில் நின்ற ஜி.என்.எம். செவிலியர், அந்த இருபது ஆண்டின் அறிவை அடுத்த தலைமுறைக்கு வகுப்பில் நின்று கற்பிக்க முடியாது. இழப்பு அவருக்கு மட்டுமல்ல.

‘இரண்டாண்டு விடுப்புப் போட்டுப் படிக்கட்டும்’ என்ற அறிவுரைதான் எல்லாவற்றிலும் கொடியது. சொல்கிறவர்களுக்கு அது எளிதாக வாயில் வருகிறது. கேட்கிற பெண்ணின் வீட்டுக் கணக்கை அது அறியாது.

இரணியல் ஒரு பேரூராட்சி. ஒரு காலத்தில் வேணாட்டு அரசர்களின் அரண்மனை இருந்த ஊர். கைத்தறி நெசவுக்கும் பெயர் பெற்றது. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். இந்தப் பகுதியில் பெண்ணைப் படிக்க வைக்காத வீட்டைக் காண்பது அரிது. ஆனால் என்ன படிக்க வைப்பது என்பதைப் பணமும் மதிப்பெண்ணும் தீர்மானிக்கின்றன. நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் சேரப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்திருக்க வேண்டும். ஜி.என்.எம். அப்படியல்ல, கலைப் பிரிவிலிருந்தும் வரலாம், செலவும் குறைவு, சீக்கிரம் சம்பளத்துக்கும் போகலாம். தம்பி தங்கை படிப்பும் வீட்டுக் கடனும் தோளில் இருக்கிற மூத்த பெண் பட்டயத்தைத் தேர்வது அறிவுக்குறைவால் அல்ல. பதினேழு வயதில், வீட்டு நிலைமை எடுத்த முடிவு அது. கலைப் பிரிவில் படித்தவருக்கு நான்கு ஆண்டுப் படிப்பின் வாசல் அத்தோடு மூடிவிடுகிறது. போஸ்ட் பேசிக் ஒன்றே பட்டத்துக்கான மறுவழி. அந்த வழியையும் முழுநேரக் கல்லூரிக்குள் மட்டும் வைத்துக்கொள்வது, பதினேழு வயதில் பணமில்லாதிருந்ததற்கு வாழ்நாள் முழுவதும் தண்டனை விதிப்பதாகும்.

இரண்டாண்டு விடுப்பின் விலை என்ன? தனியார் மருத்துவமனையில் அது விடுப்பே அல்ல, ராஜினாமா. திரும்பி வரும்போது பழைய இடமும் இல்லை, பழைய சம்பளமும் இல்லை. கல்லூரிக் கட்டணம் ஒரு பக்கம். இரண்டாண்டுச் சம்பளம் இன்னொரு பக்கம். அரசுப் பணியிலும் நிலைமை எளிதல்ல. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் தேர்வு வைத்து எடுத்த ஆயிரக்கணக்கான செவிலியர் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககமான டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் திரண்டு போராட வேண்டி வந்தது. நிரந்தர வரிசையில் தம் எண் எப்போது வரும் என்று காத்திருக்கும் ஒருவரிடம் இரண்டாண்டு வேலையை விட்டுவிட்டுப் படி என்பது, படிக்காதே என்பதற்குச் சமம். பணியில் இருக்கும் செவிலியர் மூன்று ஷிஃப்டில் சுழல்கிறார். நைட் டூட்டி முடிந்து வீடு வந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, அதன்பின் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் புத்தகத்தைத் திறக்கிறார். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. அந்த மணிகளை அவர் தூக்கத்திலிருந்துதான் எடுக்கிறார். இப்படி மூன்றாண்டு படித்து வாங்கிய பட்டத்தை ‘எளிதாக வாங்கியது’ என்பவர்கள், அந்த மூன்றாண்டில் ஒரு வாரமாவது அவரோடு இருந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

தொலைநிலையில் செவிலியப் பட்டம் என்பது இந்தியாவின் தனிச் சலுகை என்ற எண்ணமும் தவறு. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு படி மேலே போயிற்று. செவிலியராகப் பதிவு பெறுவதற்கு முந்தைய கல்வியையே 2002 முதல் தொலைநிலையில் நடத்தத் தொடங்கியது. மருத்துவமனையில் ஏற்கெனவே உதவியாளராக இருப்பவர்கள் அங்கேயே பயிற்சி பெற்றுச் செவிலியராகிறார்கள். அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியர் வேலையோடு பட்டம் முடிக்கும் படிப்புகள் பெருமளவில் இணையவழியில் நடக்கின்றன. நியூயார்க் மாநிலம் 2017 டிசம்பரில் இயற்றிய சட்டம், புதிதாகப் பதிவு பெறும் செவிலியர் 10 ஆண்டுக்குள் பட்டம் பெற வேண்டும் என்கிறது. பத்தாண்டு அவகாசம் தருகிற அந்தச் சட்டத்தின் பொருள் வெளிப்படை: வேலையை விடாமல் படி.

பக்கத்து நாடான இலங்கையின் நிலை இன்னும் தெளிவானது. அங்கே செவிலியத்தில் பட்டப்படிப்பு முதன்முதலில் தொடங்கியது மரபான பல்கலைக்கழகம் எதிலும் அல்ல. கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994இல், அதாவது இக்னோ தொடங்கிய அதே ஆண்டில், பணியிலிருக்கும் செவிலியருக்காகத் தொடங்கிய படிப்பு அது. நேரடிப் பட்டப் படிப்புகள் பிற பல்கலைக்கழகங்களில் பின்னரே வந்தன. ஒரு நாட்டின் செவிலியப் பட்டக் கல்விக்கே தொலைநிலைப் படிப்பு அடித்தளம் ஆகியிருக்கும்போது, அது தொழிலை மலிவாக்கும் என்று சொல்வது வரலாற்றைப் பாராதவர் பேச்சு.

நோயாளிக்கு ஆபத்து என்ற குற்றச்சாட்டைத் தனியே பார்க்க வேண்டும், அதுதான் கனமானது. செவிலியர் கல்விக்கும் நோயாளி உயிருக்கும் உள்ள தொடர்பைப் பெரிய அளவில் காட்டிய ஆய்வு, லிண்டா ஏக்கனும் சக ஆய்வாளர்களும் 2003இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டது. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற 2,32,342 நோயாளிகளின் விவரத்தை அது எடுத்துக்கொண்டது. பட்டதாரிச் செவிலியரின் பங்கு 10 விழுக்காடு கூடிய இடத்தில், முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 விழுக்காடு குறைந்திருந்தது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளை வைத்து லான்செட் இதழில் வந்த ஆய்வில் அந்தக் குறைவு 7 விழுக்காடு. இவை ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படும் தொடர்பைக் காட்டுகின்றன. பட்டம்தான் காரணம் என்று அறுதியிட்டு நிறுவவில்லை. நெய்யூர் வார்டும் பென்சில்வேனியா வார்டும் ஒன்றல்ல. என்றாலும் நேரடிப் பட்டம்தான் உயர்ந்தது என்பவர்கள் தங்கள் பக்கச் சான்றாகக் காட்டுவது பெரும்பாலும் இந்த ஆய்வுகளைத்தான். அதனால் அதே ஆய்வுக் குழு 2022இல் வெளியிட்ட அடுத்த ஆய்வையும் அவர்கள் படிக்க வேண்டும். முதலிலேயே பட்டம் படித்து வந்தவரா, பட்டயம் முடித்து வேலையிலிருந்து பின்னர் பட்டம் பெற்றவரா என்று பிரித்துப் பார்த்தபோது, இரு வகையினர் கூடும்போதும் இறப்பு ஒரே போலக் குறைந்தது. வந்த பாதை வேறுபாட்டை உண்டாக்கவில்லை. நோயாளியின் பெயரால் பேசுகிறவர்கள், பட்டயச் செவிலியர் மேலும் பலர் பட்டம் பெற வேண்டும் என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தப் பழி ஏன் ஒட்டிக்கொண்டது? அதற்கு ஓர் உண்மையான காரணம் உண்டு. கவுன்சிலின் ஒப்புதல் இல்லாமலேயே தொலைநிலையில் நர்சிங் பட்டம் தருவதாக விளம்பரம் செய்து பணம் பறித்த நிறுவனங்கள் நாட்டில் இருந்தன. செய்முறை இல்லை, மையம் இல்லை, சில இடங்களில் தேர்வுகூடப் பெயரளவுக்குத்தான். அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டு கவுன்சிலுக்குப் போனவர்களின் கூடுதல் தகுதி பதிவாகவில்லை; பணமும் ஆண்டுகளும் போயின. ஏமாந்தவர்கள் பெரும்பாலும் வேலையிலிருக்கும் இதே செவிலியப் பெண்கள்தான். பாதிக்கப்பட்டவர்களின் தலையில் பழியைப் போட்டு, ஏமாற்றியவர்களையும் ஒழுங்காக நடந்த படிப்பையும் ஒரே பெயரால் அழைப்பது அறமல்ல.

ஒழுங்குபடுத்த வேண்டிய அமைப்பும் சோம்பலான வழியையே தேர்ந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2017ஆம் ஆண்டுத் தொலைநிலை விதிமுறைகளும் அவற்றுக்குப் பின் வந்த 2020ஆம் ஆண்டு விதிமுறைகளும் பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், கட்டடக்கலை முதலியவற்றோடு செவிலியத்தையும் சேர்த்து, இவை தொலைநிலையில் நடத்தக்கூடாதவை என்று பட்டியலிட்டன. முதன்முறையாகச் செவிலியம் கற்க வரும் பதினெட்டு வயது மாணவிக்கு அந்தத் தடை முற்றிலும் சரி. அவளைப் புத்தகத்தை மட்டும் நம்பிச் செவிலியராக்கக் கூடாது. ஆனால் பதிவுபெற்றுப் பத்தாண்டு வேலை பார்த்தவரையும் அவளையும் அந்தப் பட்டியல் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டது. கவுன்சில் ஒப்புதலால் இக்னோவின் படிப்பு மட்டும் பிழைத்து நின்றது. நாடு முழுவதற்கும் ஒரே ஒரு நிறுவனம், மையம் ஒன்றுக்குச் சில பத்து இடங்கள். மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் கவுன்சிலின் கண்காணிப்பில் இதை நடத்தலாமா என்ற விவாதத்துக்கே அந்தப் பட்டியல் இடம் வைக்கவில்லை.

தொலைநிலையில் படித்த செவிலியரை நம்ப முடியாது என்ற அச்சத்தை அரசின் சொந்தச் செயலே பொய்யாக்குகிறது. துணை சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையங்களாக உயர்த்தும் திட்டத்துக்குச் சமுதாய நல அலுவலர்கள் தேவைப்பட்டபோது, மத்திய நலவாழ்வு அமைச்சகம் இக்னோவைத்தான் நாடியது. பணியிலிருக்கும் செவிலியருக்கான 6 மாத இணைப்புப் படிப்பை இக்னோ வடிவமைத்தது; புத்தகமும் மாவட்ட மருத்துவமனை போன்ற மையங்களில் நேரடிப் பயிற்சியும் கலந்த படிப்பு அது. பல மாநிலங்களில் அதை முடித்தவர்கள், பக்கத்தில் மருத்துவர் இல்லாத கிராமத்து நிலையங்களில் பொறுப்பேற்றார்கள். மருத்துவர் இல்லாத இடத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்து கொடுக்க இக்னோ பயிற்சி போதும். மருத்துவர்கள் நிறைந்த மருத்துவமனையில் பட்டதாரி என்ற பெயர் பெற மட்டும் அது போதாது என்றால், அந்த வாதத்தில் தர்க்கமே இல்லை.

தொலைநிலைப் படிப்புக்குக் குறை இல்லை என்பதல்ல இந்த மறுப்பு. குறைகள் உண்டு, அவற்றை மறைப்பது படிக்கிறவர்களுக்கே துரோகம். முதலாவது, லாக் புக். வேலையிடத்தில் செய்ய வேண்டிய செய்முறையைச் செய்யாமலே கையெழுத்து வாங்கிவிட முடியும் என்பது படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். கையெழுத்திடும் சார்ஜ் சிஸ்டருக்கு மேற்பார்வை செய்ய நேரமும் இல்லை, அதற்கென ஊதியமும் இல்லை. அங்கே நேரத்தையும் ஊதியத்தையும் கொடுக்காமல் தரம் பேசுவது வீண். பொறுப்பேற்கும் மூத்த செவிலியருக்கு மாதம் சில மணி நேரத்தை ரோஸ்டரிலேயே ஒதுக்கி, மையத்து ஆசிரியர் நேரில் வந்து சரிபார்க்கும் ஏற்பாடு இருந்தால் கள்ளக் கையெழுத்து தானே குறையும். நேரடிக் கல்லூரிகளிலும் பயிற்சிப் பதிவேடுகள் அவசரமாக நிரப்பப்படுவது உண்டு. அந்த நோய் ஒரு முறைக்கு மட்டும் உரியதல்ல.

இரண்டாவது, மொழி. பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்வழியில் பள்ளி முடித்த செவிலியர் ஆய்வு, புள்ளியியல் பாடங்களில் தடுமாறுவது திறமைக் குறைவால் அல்ல. வார்டில் நோயாளியிடமும் உடனிருப்பவரிடமும் நாள் முழுக்கத் தமிழில் பேசுகிறவருக்கு, சமுதாய நலப் பாடத்தையாவது தமிழில் துணைநூலோடு படிக்கக் கொடுப்பது எளிதில் செய்யக்கூடியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை நூல் எழுதும் வேலையை ஏற்கலாம். அதற்கு எந்த விதிமுறையும் குறுக்கே நிற்கவில்லை.

மூன்றாவது, தூரம். நேரடி வகுப்புக்காகவும் தேர்வுக்காகவும் டூட்டி மாற்றிக்கொண்டு வெளியூர் போய்வருவது இரணியல் செவிலியருக்குப் பெரும் சுமை. கைக்குழந்தை இருந்தால் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 2001இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆசாரிப்பள்ளத்தில் இருக்கிறது. மாவட்டத்தில் நர்சிங் கல்லூரிகளும் இருக்கின்றன. இவற்றை இணைத்து மாவட்டத்துக்குள்ளேயே ஒரு படிப்பு மையம் அமைப்பதற்குத் தடையாக இருப்பது மனமின்மை மட்டுமே. அரசு மருத்துவமனைச் செவிலியருக்குச் செய்முறை நாட்களைப் பணிநாளாகக் கணக்கிட்டு விடுவித்தால், வராமல் நின்றுபோகிறவர்களில் பாதிப்பேர் தொடர்வார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947இல் வந்தது. அதற்கு மாற்றாகத் தேசிய செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேறியிருக்கிறது. புதிய ஆணையம் கல்வித் தரத்தை வகுக்கும்போது, முதற்கல்வி வேறு, பதிவுக்குப் பிந்தைய கல்வி வேறு என்ற பிரிவை எழுத்தில் கொண்டுவர வேண்டும். முதலாவதில் தொலைநிலைக்குத் தடை நீடிக்கட்டும். இரண்டாவதில் தடைக்குப் பதில் நிபந்தனைகள் இருக்கட்டும்: பதிவு, பணி அனுபவம், அங்கீகரித்த மையம், மேற்பார்வையுள்ள செய்முறை, வெளியாள் நடத்தும் தேர்வு.

வெளிநாட்டு வேலையை எண்ணிப் படிப்பவர்களுக்கு ஒன்றைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் குமரி மாவட்டத்தில் அந்த எண்ணம் இல்லாத செவிலியர் குறைவு. இந்தியாவில் முழுமையாக ஏற்கப்படும் தொலைநிலைப் பட்டத்தை எல்லா நாடுகளும் அப்படியே ஏற்பதில்லை. சில நாடுகள் படித்த முறையையும் ஆண்டுக் கணக்கையும் பார்த்து ஈடாக ஏற்க மறுக்கின்றன. வேறு சில நாடுகளோ பட்டத்தை வலியுறுத்தாமல், ஜி.என்.எம். செவிலியரின் பதிவையும் மொழித் தேர்வையும் திறன் தேர்வையும் பார்த்தே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே சேருவதற்கு முன், போக நினைக்கும் நாட்டின் உரிமம் வழங்கும் அமைப்பு இந்த வகைப் பட்டத்தை ஏற்கிறதா என்பதை ஏஜெண்டிடம் கேட்காமல் அந்த அமைப்பிடமே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அந்த ஆண்டுக்கான கவுன்சில் ஒப்புதல் இருக்கிறதா, படித்து முடித்தபின் மாநில கவுன்சில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யுமா என்ற இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.